தேர்வு முடிவும் தோட்டத்துப் பெற்றோரும்

(கோலா கெத்தில் வட்டாரத் தோட்டப் பெற்றோரிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த களைப்போடு இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். தங்கள் ஓய்வு நேரத்தை எங்களுக்கு அளித்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகிறோம். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இவ்வூரின் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு நாம் பலமுறை வந்திருக்கிறோம். சுகாதாரம், சேமிப்பு, தொழிலாளர் சேமநிதி எனப் பலவற்றைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் பிள்ளைகளின் எஸ்.பி.எம். தேர்வு முடிவை இணையத்தின் வழி அறிந்துகொள்வது பற்றியதாகும். அவ்வேளையில் ஏற்படும் தடைகள் யாவை, அவற்றை எவ்வாறு நீக்குவது என்பதையும் கூற விரும்புகிறோம்.

'இது பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் காரியமாயிற்றே, நமக்கு எதற்கு?' எனச் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணியதால் விளைந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுகிறோம்.

ஒரு தாயின் அனுபவம்

இவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டும் ஓர் அம்மையார். அவருடைய மகள் ஐந்தாம் படிவத் தேர்வை எழுதி முடித்ததும், முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் தற்காலிக வேலைக்குச் சென்றுவிட்டாள். முடிவு வெளியான நாளில், அம்மையார் பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துக் கைத்தொலைபேசியில் பார்க்கச் சொன்னார். அவன் எண்களைப் பதிந்தான். அத்தகைய பதிவு எதுவும் இல்லை என்னும் பொருள்பட மலாய் மொழியில் ஒரு வரி திரையில் தோன்றியது. 'பேர் இல்லை அம்மா' என்றான் பையன். பேர் இல்லை என்றால் தேறவில்லை என்பதே பொருள் என்று அந்தத் தாய் கொண்டார். மகளைத் தொலைபேசியில் அழைத்து, 'போனது போகட்டும், அந்த வேலையையே நிரந்தரமாக்கிக்கொள்' என்று கூறிவிட்டார். மகளும் அழுதாளேயன்றித் தானாகப் பார்க்கத் துணியவில்லை.

ஒன்பது நாட்கள் கழிந்தன. முடிவுத் தாளைப் பெற்றுக்கொள்ள வராதவர்களின் பட்டியலைப் பார்த்த ஆசிரியை ஒருவர், அந்த வீட்டைத் தொடர்பு கொண்டார். அப்பொழுதுதான் அப்பெண் ஆறு பாடங்களில் கிரெடிட் பெற்றுத் தேறியிருந்தமை தெரியவந்தது. நடந்தது என்ன? பக்கத்து வீட்டுப் பையன் மகளின் அடையாளக் கார்டு எண்ணுக்குப் பதிலாக, மேசைமேல் இருந்த தாயின் அடையாளக் கார்டு எண்ணைப் பதிந்திருந்தான். அவ்வளவுதான். நல்லவேளையாக உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் நாள் முடிந்துவிடவில்லை. அப்பெண் ஆறாம் படிவத்தில் சேர்ந்தாள். அந்த ஆசிரியை அழைத்திராவிட்டால் அவளுடைய நிலை என்னவாகியிருக்கும் என்பதைத் தங்கள் சிந்தனைக்கே விடுகிறோம்.

முன்பும் இன்றும்

முற்காலத்தில் தேர்வு முடிவு பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சைக்கிளிலோ தோட்டத்து லாரியிலோ சென்று, கூட்டத்தில் முண்டியடித்துப் பெயரைத் தேடினோம். பெயரைக் காணாவிட்டால் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரைக் கேட்கலாம். அவர் விளக்கம் சொல்வார். இன்று முடிவு நம் உள்ளங்கைக்கே வந்துவிடுகிறது. ஆனால் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. ஆகவே திரையில் தோன்றும் ஒரு வரியை நாமே சரியாகப் பொருள் கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலும், மூன்றாம் படிவ மாணவர்களுக்கான பி.தி.3 தேர்வு 2022ஆம் ஆண்டிலும் அகற்றப்பட்டன. ஆதலால் இன்று நம் பிள்ளைகள் பலருக்கு எஸ்.பி.எம். தான் முதலாவது பெரிய அரசாங்கத் தேர்வு. முன்பு இரண்டு முறை முடிவு பார்த்துப் பழகிய பின்னர் மூன்றாவதாக எஸ்.பி.எம். வந்தது. இன்று குடும்பத்திற்கு அந்தப் பழக்கம் ஏற்படவே வாய்ப்பில்லை. எனவே முன்கூட்டியே தெரிந்துகொள்ளுதல் அவசியமாகிறது.

முதல் நாளே செய்ய வேண்டியவை

முடிவு வெளியாகும் நாளைக் கல்வி அமைச்சு முன்னதாகவே அறிவித்துவிடும். 2023ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவு 2024 மே 27ஆம் நாளும், 2024ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவு 2025 ஏப்ரல் 24ஆம் நாளும் வெளியிடப்பட்டன. இரு முறையும் நேரம் காலை மணி 10. அதாவது, தாங்கள் மங்குகளிலிருந்து பாலை வாளியில் சேர்த்துக்கொண்டிருக்கும் நேரம். எனவே வீட்டில் யார் பார்ப்பது, எதைக் கொண்டு பார்ப்பது என்பதை முதல் நாள் மாலையே முடிவு செய்துவிடுங்கள்.

தேவையானவை இரண்டே இரண்டு எண்கள். ஒன்று, பிள்ளையின் அடையாளக் கார்டு எண். மற்றொன்று, 'அங்கா கிலிரான்' எனப்படும் தேர்வு எண். இது தேர்வுக்கு முன் பள்ளியில் கொடுக்கப்பட்ட பதிவுத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். இவ்விரண்டையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதிவுத் தாள் தொலைந்து போயிருந்தால், முதல் நாளே பள்ளிக்குச் சென்று தேர்வு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அடையாளக் கார்டு எண்ணைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. அதில் 12 இலக்கங்கள் இருக்கும். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் குறிப்பவை; கெடாவுக்கு 02 என்னும் எண் உண்டு. கடைசி இலக்கம் ஆணாயின் ஒற்றைப் படை, பெண்ணாயின் இரட்டைப் படை. 2007ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளையின் எண் 07 என்றுதான் தொடங்கும். முதலில் வரும் சுழியை வேண்டாததென்று விட்டுவிடுவோரும் உண்டு, அவ்வாறு விடலாகாது. நாம் கூறிய பையன் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் பார்த்திருந்தாலே, அது பதினேழு வயதுப் பெண்ணின் எண் அன்று என்பதை உணர்ந்திருப்பான்.

பக்கம் திறக்கவில்லையெனில்

முதலாவது தடை இதுதான். மணி பத்து அடித்ததும் பக்கம் திறவாது. திறந்தாலும் பாதியில் நின்றுவிடும். இதன் காரணத்தைப் பால் கொட்டகையை வைத்தே விளக்கலாம். தோட்டத்து வெட்டுக்காரர் அனைவரும் ஒரே நிமிடத்தில் காண்டாவைத் தூக்கிக்கொண்டு ஒரு தராசின் முன் வந்து நின்றால் என்ன ஆகும்? தராசில் பழுதில்லை, கிராணியார் மீதும் குற்றமில்லை, கூட்டமே காரணம். எஸ்.பி.எம். எழுதுவோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். அவர்களோடு பெற்றோரும் உறவினரும் சேர்ந்து ஒரே நொடியில் அப்பக்கத்தைத் தட்டுகின்றனர்.

இந்நிலையில் திரும்பத் திரும்ப விரலால் அழுத்திக்கொண்டே இருப்பது நெரிசலை மேலும் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். நண்பகலில் பாருங்கள், இரவிலும் பார்க்கலாம். அப்பக்கம் அன்று ஒரு நாளோடு மூடப்படுவதில்லை. கடைசி நாள் எது என்பதும் அறிவிப்பிலேயே கூறப்படும்.

மாற்று வழி குறுஞ்செய்தி. அண்மைய ஆண்டுகளில் பின்பற்றப்பட்ட முறை வருமாறு: எஸ்.பி.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அடையாளக் கார்டு எண், மீண்டும் ஓர் இடைவெளி, தேர்வு எண். இதனை 15888 என்னும் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். அவ்வாண்டு அறிவிப்பில் அதே எண்தான் கூறப்பட்டுள்ளதா என்பதைப் பார்த்துக்கொள்வது நலம். பதில் வராவிட்டால் மூன்றைச் சோதியுங்கள். கைத்தொலைபேசியில் பணம் இருக்கிறதா? இடைவெளி விட்டிருக்கிறீர்களா? கட்டணச் செய்திகள் அந்த எண்ணுக்குத் தடுக்கப்பட்டுள்ளனவா? மூன்றாவதே காரணமாயின் வேறொருவருடைய தொலைபேசியிலிருந்து அனுப்பலாம்.

பதிவு இல்லை என்று வந்தால்

இதனையே நாம் அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். பதிவு இல்லை என்பது வேறு, தேறவில்லை என்பது வேறு. தேறாத பாடத்திற்கும் அதற்குரிய எழுத்துடன் முடிவு வரும். பதிவே இல்லை என்று வருமானால், கொடுத்த எண்ணுக்கும் வாரியத்திலுள்ள எண்ணுக்கும் பொருத்தமில்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

அப்பொழுது வரிசையாகச் சரிபாருங்கள். அடையாளக் கார்டு எண்ணில் இடையே வரும் சிறு கோடுகளையும் சேர்த்துப் பதிந்துவிட்டீர்களா? கோடின்றிப் பதியுங்கள். தேர்வு எண்ணில் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கலந்து வரும். அதில் சுழிக்குப் பதிலாக 'ஓ' என்னும் எழுத்தையோ, ஒன்றுக்குப் பதிலாக 'ஐ' என்னும் எழுத்தையோ பதிந்துவிட்டீர்களா? பார்ப்பது எஸ்.பி.எம். பக்கந்தானா? எஸ்.டி.பி.எம். தேர்வை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். அதன் பக்கம் வேறு. மணி பத்துக்கு முன்னரே பார்த்தீர்களா? முதலில் தோன்றிய பக்கத்தையே தொலைபேசி மீண்டும் மீண்டும் காட்டிக்கொண்டிருக்கக் கூடும். அதனை மூடிவிட்டு, புதிதாகத் திறவுங்கள்.

அடையாளக் கார்டு பெறாத பிள்ளையாயின், பதிவுத் தாளில் எந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதனையே பயன்படுத்த வேண்டும். இத்தனைக்குப் பின்னும் பதிவு கிடைக்கவில்லையெனில், தொலைபேசியை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்படுங்கள்.

தோட்டத்தில் தொடர்பு கிடைக்காவிட்டால்

மலைச்சரிவிலும் மரங்களுக்கு நடுவிலும் உள்ள லயங்களில் தொலைபேசித் தொடர்பு ஒரே சீராக இருப்பதில்லை. நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே பழைய 3ஜி தொலைபேசியில் இணையப் பக்கங்கள் சரிவரத் திறப்பதில்லை. ஆயினும் அதில் குறுஞ்செய்தி அனுப்பலாம். தொலைபேசியில் நாளும் நேரமும் தவறாக இருந்தாலும், பாதுகாப்பற்ற பக்கம் என்று எச்சரித்து அது திறக்க மறுக்கும். கடிகாரத்தைத் திருத்திவிட்டால் அத்தடை நீங்கும்.

'நாடி' எனப்படும் தேசியத் தகவல் பரப்பு மையங்கள் நாடெங்கும் உள்ளன. முன்னர் இவை இணைய மையம் என்றும் பின்னர் பெடி என்றும் அழைக்கப்பட்டன. அங்கு கணினியும் உண்டு, உதவுவதற்குப் பணியாளரும் உண்டு. பெயருக்கேற்ப அவற்றை நாடிச் செல்லலாம்.

ஏமாற்றுவோர் குறித்து எச்சரிக்கை

முடிவு வெளியாகும் நாட்களில், 'இதை அழுத்தினால் முடிவை முன்னதாகவே பார்க்கலாம்' என்று செய்திகள் வருவதுண்டு. முடிவை முன்னதாகக் காட்டும் வழி எவருக்கும் கொடுக்கப்படவில்லை. அரசாங்கப் பக்கத்தின் முகவரி 'ஜி, ஓ, வி, புள்ளி, எம், ஒய்' என்னும் எழுத்துகளில் முடிகிறதா என்று பாருங்கள். முடிவு பார்ப்பதற்கு வங்கிக் கணக்கு எண்ணோ, தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணோ தேவைப்படாது. அவற்றைக் கேட்டால், கேட்பவன் திருடன் என்று அறிக. எந்தச் செயலியையும் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்னும் எண்ணை அழையுங்கள். அது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.

பிள்ளையின் முடிவையும் அடையாளக் கார்டையும் படமெடுத்து, உறவினர் குழுக்களில் பரப்புவதையும் தவிர்த்தல் வேண்டும். அந்தப் படம் யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது.

முடிவுத் தாளே அதிகாரபூர்வமானது

திரையில் காண்பது தகவலுக்காக மட்டுமே. பள்ளியில் கொடுக்கப்படும் முடிவுத் தாளே அதிகாரபூர்வமானது. தனித்தேர்வர்களுக்கு அஞ்சல் வழியாகவோ, அவர்கள் பதிந்துகொண்ட மாநிலக் கல்வி இலாகாவின் மூலமாகவோ கிடைக்கும். எனவே இணையத்தில் பார்த்தாயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பள்ளிக்குச் சென்றால் முடிவுத் தாளும் கிடைக்கும், அடுத்து என்ன படிக்கலாம் என்னும் ஆலோசனையும் கிடைக்கும்.

தாளைப் படிக்கும் முறையையும் அறிந்துகொள்ளுங்கள். ஏ முதல் சி வரை உள்ளவை கிரெடிட். டி, இ ஆகியவை தேர்ச்சி. ஜி என்பது தேர்ச்சியின்மை. டி.எச். என்று இருந்தால், தேர்வுக்கு வரவில்லை எனக் குறிக்கப்பட்டுள்ளது என்று பொருள். தேர்வு எழுதிய பாடத்திற்கு டி.எச். என்று வந்திருந்தாலோ, எழுதிய பாடம் விடுபட்டிருந்தாலோ அன்றே பள்ளி முதல்வரிடம் கூறுங்கள். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறினாலன்றிச் சான்றிதழ் கிடைக்காது என்பதையும் மறவாதீர்கள்.

முடிவு எதிர்பாராத வகையில் குறைந்திருந்தால் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முடிவு வெளியான நாளிலிருந்து 30 நாள் தவணை உண்டு. முடிவிலும் தவறு நேரும் என்பதற்குச் சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தியாவின் தெலுங்கானா மாநிலத்தில் ஒன்பது இலட்சத்திற்கும் அதிகமான மாணவர்களின் முடிவு வெளியானது. தெலுங்குப் பாடத்தில் 99 மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்திக்குச் சுழி என்று காட்டப்பட்டது. மறுபரிசீலனையில் அது திருத்தப்பட்டது. ஆனால் அத்திருத்தங்களுக்கெல்லாம் காத்திராமல், மனமுடைந்து உயிரை விட்ட பிள்ளைகள் அம்மாநிலத்தில் இருந்தனர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. மதிப்பெண்ணைத் திருத்தலாம், போன பிள்ளையை எவ்வாறு திருப்பிப் பெறுவது?

வீட்டில் சொல்ல வேண்டிய முதற் சொல்

ஆகையால், பெற்றோர்களே, முடிவு எதுவாயினும் தாங்கள் பிள்ளையிடம் கூறும் முதற் சொல் அன்பானதாக இருக்கட்டும். 'எதிர்வீட்டுப் பையன் எத்தனை ஏ வாங்கினான் தெரியுமா?' என்னும் கேள்வியைத் தயவு செய்து கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கத்தையே 2017ஆம் ஆண்டில் கைவிட்டுவிட்டார்கள். நாம் லயத்துக்கு லயம் அதனைத் தொடர வேண்டியதில்லை. பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பேசாமல் ஒதுங்கியிருந்தால் தனியே விட்டுவிடாதீர்கள். 'வாழ்ந்து பயனில்லை' என்பது போன்ற பேச்சு வந்தால் அதனை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணையோ, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்னும் எண்ணையோ அழைத்தால் பொறுமையோடு கேட்டு வழிகாட்டுவார்கள்.

தேறாத பாடத்திற்கும் வழி உண்டு. மலாய் மொழி, வரலாறு, கணிதம் ஆகியவற்றை மறுமுறை எழுதும் தேர்வு இருக்கிறது. தேறியவர்களுக்கு ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், போலிடெக்னிக், சமூகக் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையங்கள் எனப் பல கதவுகள் உள்ளன. ஜித்ராவிலும் கூலிமிலும் அரசாங்கப் போலிடெக்னிக்குகள் உள்ளன. வெகுதூரம் போக வேண்டியதில்லை. 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடமளிக்கப்படும் என்று 2024ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்ததையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு கதவிற்கும் மூடும் நாள் உண்டு. விண்ணப்பத்தின் கடைசி நாளையும் அதே தாளில் எழுதி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

தோழர்களே, தாங்கள் மரத்தை வெட்டும்போது பட்டையின் ஆழம் அறிந்து வெட்டுகிறீர்கள். அவசரத்தில் உளி ஆழமாகப் பாய்ந்தால், அக்காயம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும் என்பது தாங்கள் அறியாததன்று. முடிவு நாளிலும் அதே நிதானம் வேண்டும். எண்ணைச் சரிபார்ப்போம், சற்றுப் பொறுப்போம், பள்ளிக்குச் செல்வோம். அதன் பின்னரே முடிவு கட்டுவோம்.

இம்மண்டபத்தை விட்டு வீடு சென்றதும், இன்றிரவே பிள்ளையின் அடையாளக் கார்டையும் பதிவுத் தாளையும் எடுத்து, அவ்விரு எண்களையும் எழுதி வையுங்கள். எழுதப் படிக்க இயலாதவர் பக்கத்து வீட்டில் இருப்பாரானால் அவருக்கும் எழுதிக் கொடுங்கள். இதனை இன்று ஒரு வீட்டில் செய்தாலும் நாம் இங்கு வந்த பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.